புதுச்சேரிக்குப் போகிற வழியில் எங்கள் ஊரும் இருக்கிறது

சனிக்கிழமை காலை ஈ.சி.ஆரைப் பிடித்துப் புதுச்சேரிக்கு க்ராஃப்ட் பீர் குடிக்கக் கிளம்பும் சென்னை நண்பர்களுக்கு,

நான் புதுப்பட்டினத்துக்காரன். மாமல்லபுரம் தாண்டிப் பதினைந்து கிலோமீட்டர் வந்தால் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குத் திரும்பும் முனை வரும். சாலையின் இரு பக்கமும் கடை கடையாக இருக்குமே, அதுதான் எங்கள் ஊர். டீ குடிக்க நின்றிருப்பீர்கள், தண்ணீர் பாட்டில் வாங்கியிருப்பீர்கள். ஊரின் பெயர் உங்கள் நினைவில் இருக்காது. அதில் எனக்கு வருத்தமில்லை. உங்களிடம் சொல்ல வேண்டிய சில விஷயங்கள் இருப்பதால் எழுதுகிறேன்.

முதலில், உங்கள் ரசனைமேல் எனக்கு மரியாதை உண்டு. டீக்கடை பெஞ்சில் உங்கள் பேச்சு காதில் விழுந்திருக்கிறது. கோதுமை பீரில் வரும் வாழைப்பழ வாசத்தையும் கிராம்பு வாசத்தையும் யாரும் தனியாகப் போடுவதில்லை, ஈஸ்ட்தான் தருகிறது என்று ஒரு பெண் தன் நண்பர்களுக்கு அழகாக விளக்கிக்கொண்டிருந்தார். கடையில் கிடைக்கும் பாட்டில் பல மாதம் கெடாமல் இருக்கச் சூடாக்கிப் பதப்படுத்தப்பட்டது. வடிக்காமல், பதப்படுத்தாமல், காய்ச்சிய இடத்திலேயே தொட்டியிலிருந்து நேராகக் கோப்பையில் இறங்கும் பீரின் ருசி வேறு. அதற்காக 150 கிலோமீட்டர் போகிறீர்கள். நல்ல சாப்பாட்டைத் தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள் எல்லாரும் என் சொந்தக்காரர்கள் என்றே நினைக்கிறேன்.

ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். டாஸ்மாக் 1983-இல் தொடங்கியது. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. சொந்தமாகக் காய்ச்சி அங்கேயே ஊற்றித் தரும் சிறு ப்ரூவரிக்கு அந்த ஏற்பாட்டில் இடமில்லை. புதுச்சேரி 1954 நவம்பர் வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த மண். அதற்குத் தனிச் சட்டம், தனி ஆயத்தீர்வை. அதனால்தான் புனேயில் 2009-இல் டூலாலியும் அடுத்த வருஷம் பெங்களூரில் டாய்ட்டும் தொடங்கிவைத்த இந்தப் பழக்கம், கட்டமரான் ப்ரூயிங் போன்ற இடங்கள் வழியாகப் புதுச்சேரிக்கு வந்தும் சென்னைக்கு வரவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலர், பீர் நமக்கு அந்நியமான சரக்கு, வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நினைத்திருக்கலாம். பெரும்பாணாற்றுப்படையைத் திறந்து பாருங்கள். காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மேல் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு பாணர், வழியில் எதிர்ப்படும் இன்னொரு பாணரிடம், இந்த வழியாகப் போ, இந்த நிலத்தில் இன்னாரைப் பார், அவர்கள் இன்னது தருவார்கள் என்று சொல்லிக்கொண்டே போகும் பாட்டு. ஆற்றுப்படை என்றாலே அதுதான் வகை. சங்க காலத்தில் நம்மவர்கள் எழுதிய பயணச் சாப்பாட்டுக் குறிப்பு என்று அதைத் தயங்காமல் சொல்வேன். அதில் வரும் நீர்ப்பெயற்று என்ற துறைமுகம் மாமல்லபுரம்தான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு.

அந்தப் பாட்டில் வலைஞர் குடியிருப்பு ஒன்று வருகிறது. அங்கே கிடைக்கும் பானத்தை எப்படிச் செய்கிறார்கள் என்று புலவர் வரிசையாகச் சொல்கிறார். தீட்டாத அரிசியைக் குழையக் களியாகக் காய்ச்ச வேண்டும். வாயகன்ற தட்டில் கொட்டி ஆறவிட வேண்டும். முளைகட்டிய நெல்லை இடித்து அதில் கலக்க வேண்டும். கெட்டியான வாயுள்ள சாடியில் ஊற்றி இரண்டு பகல், இரண்டு இரவு வைக்க வேண்டும். பச்சை வாடை போய் விளைந்த பிறகு வெந்நீர் விட்டு விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்க வேண்டும். பயணக் களைப்போடு வருகிறவர்களுக்கு அதைச் சுட்ட மீனோடு கொடுப்பார்கள்.

உங்கள் ப்ரூவரியில் பீர் காய்ச்சுகிறவர் செய்வதை இதனோடு வைத்துப் பாருங்கள். பார்லியை முளைகட்டி உலர்த்தினால் மால்ட். அதை உடைத்து 65 டிகிரி செல்சியஸ் அளவுள்ள வெந்நீரில் ஊறவிட்டால், முளையிலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும். வடித்து, ஹாப்ஸ் சேர்த்து ஒரு மணி நேரம் போலக் கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட் விடுவார்கள். ஏல் என்றால் 20 டிகிரி அளவில் ஒன்றிரண்டு வாரம். லாகர் என்றால் இன்னும் குளிரில், இன்னும் பல வாரம். ஹாப்ஸ் இந்த மண்ணில் விளையாது, அதனால் அது நம் பாட்டில் இல்லை. மற்றபடி, முளையை இடித்துக் கலந்து மாவைச் சர்க்கரையாக்கும் சூட்சுமம் அப்படியே இருக்கிறது. இந்தக் கரையில் வலை இழுத்தவர்கள் வீட்டில் நெல்மால்ட் போட்டு பீர் விளைவித்திருக்கிறார்கள், ஒரு புலவர் அதைச் செய்முறையோடு எழுதி வைத்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. அதே பாட்டில் இன்னொரு இடமும் உண்டு: கள் காய்ச்சும் பெண்கள் பாத்திரம் கழுவிய நீர் ஓடிச் சேறாகிக் கிடக்கும் முற்றம், அங்கே நெல்மா கொடுத்துக் குழியில் நிறுத்தி வளர்த்த பன்றி, அதன் கொழுத்த இறைச்சியோடு வரும் கள்.

சிறுபாணாற்றுப்படை இன்னும் தெற்கே இறங்குகிறது. நல்லூர் நத்தத்தனார் பாடியது, ஓய்மானாட்டு நல்லியக்கோடன்மேல். கடற்கரை வழியாக நடந்து எயிற்பட்டினம் சேர்ந்தால், நுளையர் பெண்கள் வடித்த, நாள்பட்டு விளைந்த தேறலைப் பரதவர்கள் தருவார்கள், கூடவே சுட்ட குழல்மீன் உண்டு என்கிறது. எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணத்தோடு பொருத்திச் சொல்வார்கள். நீங்கள் எண்பதில் போகிற அதே சாலை, அதே திசை.

இனி மீன் விஷயத்துக்கு வருகிறேன். ப்ரூவரியில் உட்கார்ந்ததும் நீங்கள் என்ன கேட்பீர்கள்? இன்றைக்குத் தொட்டியில் என்ன இருக்கிறது, எப்போது காய்ச்சியது, யார் காய்ச்சியது. மூன்றும் நல்ல கேள்விகள். வழியில் சாப்பிட இறங்கும்போது மட்டும் அவை எங்கே போய்விடுகின்றன? காரை நிறுத்தியதும் “வஞ்சிரம் இருக்கா?” என்பதுதான் உங்கள் வாயில் வரும் முதல் கேள்வி. எங்கள் ஊரில் மெஸ் நடத்தும் ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: “கார்ல வர்றவங்க வேற மீன் பேரு கேக்குறதே இல்லப்பா. அவங்களுக்காகவே வஞ்சிரம் வாங்கி ஐஸ்ல வைக்கிறேன். நாங்க சாப்பிடுறது வேற.”

அவர்கள் சாப்பிடுவதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் குப்பத்திலிருந்து போவது பெரும்பாலும் ஃபைபர் போட். இருட்டோடு கிளம்பிக் காலையில் கரையேறும். மணலிலேயே வலையை உதறி மீனைப் பிரிப்பார்கள். சங்கரா, காரப்பொடி, நெத்திலி, கவலை, பாறை, ஷீலா, நண்டு, இறால் என்று அன்றைய மீன்பாடு எதுவோ அது. கூடையைக் கவிழ்த்துக் கொட்டிய உடனே ஏலம் தொடங்கிவிடும். ஏலம் விடுகிறவர் விலையைச் சொல்லும் வேகத்தில் வெளியூர்க்காரருக்கு ஒன்றும் புரியாது. எதிரே நிற்கும் பெண்கள் அசையக்கூட மாட்டார்கள். ஒருத்தி லேசாகத் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான், கூடை கைமாறிவிடும். கொஞ்ச நேரத்தில் அந்தக் காரப்பொடி மெஸ் அக்காவின் அரிவாள்மனையில் இருக்கும். செதில் போக்கி, மஞ்சளும் கல்லுப்பும் போட்டு மண்சட்டியில் தேய்த்து அலசி, நுரை போனபின் எடுத்துவைப்பார். புளிக்கரைசலில் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் கலந்து நல்லெண்ணெயில் கொதிக்கவிட்டு, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்போதுதான் மீன் விழும். சித்திரை வைகாசியில் ஒரு துண்டு மாங்காயும் விழும். மீன் போட்டபின் கரண்டி படாது, சட்டியைத்தான் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். பதினொன்றரைக்குக் குழம்பு தயார்.

நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “அக்கா, இன்னைக்கு என்ன மீன் வந்துச்சு?” அவர் முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். முன்பு 45 நாளாக இருந்தது. அந்தக் காலத்தில் நீங்கள் கேட்கும் பெரிய மீன் பெரும்பாலும் வேறு கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்ததாகத்தான் இருக்கும். சின்னப் படகுகளுக்குத் தடை இல்லாததால் எங்கள் கரையில் சிறுமீன் வந்துகொண்டுதான் இருக்கும். சிறுமீனுக்கு விலை கிடைத்தால் சிறுபடகு பிழைக்கும். நீங்கள் தட்டில் எதைக் கேட்கிறீர்கள் என்பதற்கு இந்தக் கரையில் அவ்வளவு பலன் உண்டு.

மாமல்லபுரத்தில் இந்த வழக்கம் ஓரளவு இருக்கிறது. ஒத்தவாடைத் தெருப் பக்கம் மூன்ரேக்கர்ஸ் மாதிரி கடல் உணவுக்கே பேர் வாங்கிய கடைகளைத் தெரிந்திருப்பீர்கள். அந்தத் தெருக் கடைகளில் பச்சை மீனைத் தட்டில் வைத்து மேசைக்குக் கொண்டுவந்து காட்டுவார்கள். செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்திய பள்ளம் உடனே எழும்ப வேண்டும். எடை என்ன, விலை என்ன என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு மனஸ்தாபம் வராது.

அன்றன்றைக்கு உள்ளதுதான் உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. லாகரைப் போலக் காத்திருந்து விளைபவையும் இங்கே உண்டு. முந்தின நாள் வைத்த மீன்குழம்பின் ருசியைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கருவாட்டுக் குழம்பைக் காரில் வருகிறவர்கள் கேட்பதே இல்லை என்பதில் எனக்கு நிஜமான மனக்குறை. வெயில் நன்றாகக் காய்ந்த மாதத்தில் மணலில் உலர்த்திய நெத்திலிக் கருவாட்டை வெந்நீரில் அலசி, சின்ன வெங்காயமும் கத்தரிக்காயும் போட்டுச் சுண்டவைத்தால், அதன் பக்கத்தில் வேறெதுவும் நிற்காது. சென்னாகுனியை வெறும் சட்டியில் வறுத்துக் காய்ந்த மிளகாயோடு இடித்தால் கோதுமை பீருக்கு அதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியாது. நூறு கிராம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். காரில் வாடை வரும், அதற்கு இரண்டு கவரில் கட்டித் தரச் சொல்லுங்கள்.

இப்போது கஷ்டமான பேச்சு.

சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு மேல் எங்கள் ஊர்க்காரர்கள் சாலையைக் கடக்கப் பயப்படுகிறார்கள். உங்களுக்கு இது நெடுஞ்சாலை. எங்களுக்குக் கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் தெரு. அணுமின் நிலையத்தில் இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள், வலையைத் தோளில் போட்டுக்கொண்டு விடிவதற்கு முன்பே கரைக்குப் போகிறவர்கள், அன்னக்கூடையோடு முதல் பஸ்ஸுக்கு நிற்கும் மீன்கார அம்மாக்கள், எல்லாரும் அந்த இருட்டில்தான் நடக்கிறார்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சாலையை அகலப்படுத்தும் வேலை நடக்கிறது. அகலம் கூடினால் வேகமும் கூடும், கடக்க வேண்டிய தூரமும் கூடும். இந்தச் சாலையில் அடிபட்டுச் செத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பெயரை இங்கே எழுத மனம் வரவில்லை.

குடித்துவிட்டு ஓட்டுவதன் கணக்கைச் சொல்கிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். 5 சதவீத ஆல்கஹால் உள்ள பீர் ஒரு லிட்டரில், அதாவது இரண்டு பெரிய மக்கில், சுமார் 40 கிராம் எத்தனால் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு அது ரத்தத்தில் 100 மில்லிக்கு 80 மில்லிகிராம் அளவுக்கு ஏறும். பெண்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் அதைவிட அதிகம். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவு அனுமதிக்கும் எல்லை 30 மில்லிகிராம். உடம்பு ஒரு மணி நேரத்தில் கழிப்பது ஏறத்தாழ 15 மில்லிகிராம்தான். டீ, காபி, எலுமிச்சை ஜூஸ், முகத்தில் தண்ணீர் அடிப்பது எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. எல்லைக்குள் வரவே மூன்று மணி நேரத்துக்கு மேல், முழுக்கத் தெளிய ஐந்து மணி நேரத்துக்கு மேல். புதுச்சேரியிலிருந்து எங்கள் ஊருக்கு ஒன்றரை மணி நேரம். பத்து மணிக்குக் கிளம்பினால் எந்த நிலையில் எங்களைக் கடப்பீர்கள் என்று பாருங்கள். க்ராஃப்ட் பீரில் 7, 8 சதவீதமும் சகஜம். முதல் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத்தைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த வேண்டிய அவசியம் எனக்கில்லை. சாலையோரம் அன்னக்கூடையோடு நிற்கும் அம்மாவை ஒரு நிமிஷம் நினைத்தால் போதும்.

அங்கேயே தங்குங்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு அறை எடுத்தால் கட்டுப்படியாகும் இடங்கள் புதுச்சேரியில் நிறைய. தங்க முடியாது என்றால் காரை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள். சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். வழியாகப் புதுச்சேரிக்கு பஸ் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தால் வாயலூரில் பாலாறு கடலுக்குப் போகும் அகலம், முதலியார்குப்பத்துக் கழிமுகம், மரக்காணத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவிந்திருக்கும் உப்பு எல்லாம் கண்ணில் படும். ஸ்டியரிங்கைப் பிடித்தவருக்கு அவை படுவதில்லை. திரும்பும்போது அங்கிருந்து பாட்டில் கொண்டுவர வேண்டாம். எல்லை தாண்டினால் அது மதுவிலக்குச் சட்டத்தில் குற்றம்.

மரக்காணம் என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். அதற்குத் தெற்கே சாலையை ஒட்டி எக்கியார்குப்பம் என்று ஒரு மீனவ கிராமம். 2023 மே மாதம் அங்கே மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து ஆட்கள் வரிசையாகச் செத்தார்கள். அதே நாட்களில் எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவு விழுந்தது. இரண்டு மாவட்டத்திலுமாக இருபது பேருக்கு மேல். அடுத்த வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேல். நீங்கள் போகிற திசையில், உங்கள் ப்ரூவரிக்கு முன்னாலேயே அந்த ஊர் வருகிறது. அங்கே செத்தவர்கள் அன்றாடக் கூலிக்காரர்கள், மீனவர்கள். ஒரு மக் பீரின் விலை அவர்களுடைய ஒரு நாள் வருமானத்தில் பெரும் பங்கு.

எக்கியார்குப்பத்தைச் சுற்றிப் பனை நிற்கிறது. பனை நம் மாநில மரம். பாளையைச் சீவிக் கட்டிய கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் காற்றிலுள்ள ஈஸ்ட்டே சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்குவது குற்றம். எல்லைக்கு அந்தப்பக்கம் புதுச்சேரியில் அரசு உரிமத்தோடு கள்ளுக்கடை நடக்கிறது. கேரளத்தில் கள்ளுக்கடையின் கப்பைக்கும் மீன்கறிக்கும் ஆட்கள் குடும்பத்தோடு பயணம் போகிறார்கள். கள் இருந்திருந்தால் அந்தச் சாவு நடந்திருக்காது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன், குடியின் கதை அவ்வளவு சுலபமல்ல. குடியால் சீரழிந்த வீடுகளும் எங்கள் குப்பத்தில் உண்டு, அவற்றின் பெண்கள் மதுக்கடையே வேண்டாம் என்று சொல்லும்போது எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால், எங்கிருந்து வந்தது, யார் கலந்தது என்று தெரியாத ஒரு கேன் திரவத்தைவிட, எந்த மரத்தில் யார் இறக்கினார்கள் என்று ஊருக்கே தெரிந்த பானம் பாதுகாப்பானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நீங்கள் ப்ரூவரியைத் தேடிப் போவதும் ஏறக்குறைய அதே காரணத்துக்காகத்தானே?

அதனால் உங்களிடம் ஒரு கோரிக்கை. சென்னையிலும் மைக்ரோ ப்ரூவரிக்கு உரிமம் கொடுக்க வேண்டும் என்று உங்களில் சிலர் பேசுகிறீர்கள். தாராளமாகக் கேளுங்கள். கேட்கிறபோது பனையேறிகளுக்குக் கள் உரிமத்தையும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் குரல் கோட்டைக்குக் கேட்கும், பனையேறியின் குரல் கேட்கவில்லை. அவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே சட்டத்தில், ஒரே நாளில் வர வேண்டும் என்பது என் கட்சி. பணம் உள்ளவருக்கு மட்டும் நல்ல பானம், மற்றவருக்குத் தடை என்று ஒரு சட்டம் வந்தால் அதை நான் வரவேற்க மாட்டேன்.

அப்படி ஒரு நாள் ப்ரூவரி வந்தால், எங்கள் பக்கத்து நெல்லையும் போட்டுக் காய்ச்சச் சொல்லுங்கள். டாய்ட்டில் பாஸ்மதி அரிசி போட்ட பீர் இருக்கிறது, பெங்களூர் போனவர்கள் குடித்திருப்பீர்கள். செங்கல்பட்டு சிறுமணி என்று எங்கள் மாவட்டப் பெயரிலேயே ஒரு பாரம்பரிய நெல் இருக்கிறது. அதை முளைகட்டி, இடித்து, வலைஞர் வீட்டுச் சாடியில் விளைந்ததை இன்றைய தொட்டியில் விளைவிக்கத் துணிகிற ஒரு ப்ரூவர் உங்களில் இருந்தால், பாட்டையும் உரையையும் எடுத்துக்கொண்டு நான் வந்து பக்கத்தில் உட்காரத் தயார்.

திரும்பும் வழியில் என்ன செய்யலாம் என்று சொல்லி முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தூங்கி எழுந்து, தெளிந்த தலையோடு புதுச்சேரியிலிருந்து எட்டு மணிக்குக் கிளம்புங்கள். மாசியிலிருந்து ஆனிவரை என்றால் வழியில் பதநீரும் நுங்கும் விற்பார்கள். பதநீரை வெயில் ஏறுவதற்குள் குடித்துவிட வேண்டும். கடப்பாக்கத்தில் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை, கழிமுகத்தின் மேல் இடிந்து நிற்கிறது. இந்தப் பக்கம் வந்தபின் நேரம் இருந்தால் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்குள் போய் அந்தக் கல்லறைக் கற்களின் செதுக்கு வேலையைப் பாருங்கள். 1782-இல் இந்தக் கடலுக்கு எதிரேதான் பிரெஞ்சுக் கப்பல்களும் இங்கிலீஷ் கப்பல்களும் மோதிக்கொண்டன. பிறகு சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை டவுன்ஷிப் குடும்பங்களும் மீன் வாங்க வருவதால் கூட்டம் இருக்கும். கேரளம், ஆந்திரம், வங்கம் என்று எல்லாப் பக்கத்து மனிதர்களும் அணுமின் நிலையத்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கியவர்கள், மீன் விஷயத்தில் யாரும் லேசில் ஏமாற மாட்டார்கள். அவர்கள் எந்தக் கூடைக்கு முன்னால் நிற்கிறார்கள் என்று பார்த்து அந்த மீனையே கேளுங்கள். பன்னிரண்டரைக்குள் வந்துவிட்டால் குழம்பு, வறுவல், சுறாப்புட்டு எல்லாம் இருக்கும். இரண்டரைக்கு மேல் வருகிறவர்களுக்கு ரசமும் மோரும்தான் மிஞ்சும். போன் பண்ணிச் சொல்லிவிட்டு வந்தால் அக்கா இரண்டு துண்டு எடுத்து வைத்திருப்பார்.

அன்புடன்,
புதுப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகன்